ஆஞ்சலோபூலோஸ் படங்களுக்குள் நுழைவது எப்படி?

முதல் படமாக ‘தி டிராவலிங் பிளேயர்ஸ்’ வேண்டாம். கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்சலோபூலோஸ் என்று தேடியதுமே எல்லாப் பட்டியலிலும் முதலில் வந்து நிற்பது அதுதான். கிரேக்க சினிமாவின் மிகப் பெரிய சாதனை என்று சொல்வதும் சரிதான். ஆனால் 3 மணி 50 நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் மொத்தம் 80 ஷாட் அளவில்தான் இருக்கின்றன. சராசரியாக ஒரு ஷாட்டுக்கு ஏறக்குறைய 3 நிமிடம். ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவின் கதை 1939க்கும் 1952க்கும் இடையே முன்னும் பின்னும் போய்வரும், அதுவும் எந்த அறிவிப்பும் இல்லாமல். கிரேக்க வரலாறு தெரியாமல் இதில் இறங்கினால் 40ஆவது நிமிடத்தில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதே புரியாது. பலர் இந்த இயக்குநரை அந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி நடக்காமலிருக்கத்தான் இந்த வழிமுறை.

எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் ‘லேண்ட்ஸ்கேப் இன் தி மிஸ்ட்’, 1988. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வூலா என்ற சிறுமியும் அவளுடைய தம்பி அலெக்சாண்ட்ரோஸும் ஜெர்மனியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அப்பாவைத் தேடி ரயில் ஏறுகிறார்கள். கதை இவ்வளவுதான். வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் பின்னாலேயே போனால் போதும். வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்க விருது வாங்கிய படம்.

ஓர் எச்சரிக்கை. படத்தின் நடுவில் அந்தச் சிறுமி ஒரு லாரி ஓட்டுநரால் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். எதுவும் காட்டப்படுவதில்லை. அதனாலேயே அது தாங்க முடியாத காட்சி. குழந்தைகள் நடித்த படம் என்பதால் வீட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

இரண்டாவது ‘எடர்னிட்டி அண்ட் எ டே’, 1998, கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது. மறுநாள் மருத்துவமனைக்குப் போகவேண்டிய ஒரு முதிய எழுத்தாளர், தெசலோனிகி நகரத் தெருக்கள், அல்பேனியாவிலிருந்து வந்த ஓர் அகதிச் சிறுவன். நாயகனாக நடித்த புரூனோ கான்ஸுக்குக் கிரேக்கக் குரல் வேறொருவருடையது. உதட்டசைவு ஒட்டவில்லையே, பிரதி கெட்டுவிட்டதோ என்று வேறு பிரதி தேடி அலைய வேண்டாம்.

மூன்றாவது ‘வாயேஜ் டு சிதேரா’, 1984. உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன ஒரு கம்யூனிஸ்ட் கிழவர், 32 வருடம் சோவியத் நாட்டில் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார். கிழவராக நடித்த மானோஸ் கத்ராகிஸ் நிஜ வாழ்விலும் மக்ரோனிசோஸ் தீவுச் சிறைமுகாமில் கிடந்தவர். படம் வெளிவந்த 1984ஆம் ஆண்டிலேயே காலமானார். அவர் முகத்தில் தெரியும் களைப்பு வேஷமில்லை.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு நான்காவதாக ‘தி டிராவலிங் பிளேயர்ஸ்’. அடுத்து ‘தி சஸ்பெண்டட் ஸ்டெப் ஆஃப் தி ஸ்டார்க்’, ‘யூலிசஸ் கேஸ்’, ‘தி வீப்பிங் மெடோ’. ‘டேஸ் ஆஃப் 36’, ‘தி ஹண்டர்ஸ்’, மூன்றரை மணி நேர ‘அலெக்சாண்டர் தி கிரேட்’ மூன்றும் ஊறிப்போனவர்களுக்கு. ‘தி டஸ்ட் ஆஃப் டைம்’ அவர் முடித்த கடைசி முழுநீளப் படம், 2008. அதில் பழைய பிடி தளர்ந்திருக்கிறது. கடைசியில் பார்த்தால் போதும். முதல் முழுநீளப் படமான ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ படத்தை எடுத்து வையுங்கள், அதற்கு இறுதியில் வருவோம்.

வாரத்துக்கு ஒரு படத்துக்கு மேல் வேண்டாம்.

திரை, வெளிச்சம், ஒலி

போனில் பார்க்கவே கூடாது. இதில் கறாராக இருக்க வேண்டும். அவர் குளோசப் வைப்பது மிக அரிது. மனிதர்களை முழு உடலாக, பெரும்பாலும் தூரத்தில், ஒரு சதுக்கத்தின் அளவுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். ஆறங்குலத் திரையில் அந்த ஆள் அரிசிமணி அளவுக்குச் சுருங்கிவிடுவார். யார் திரும்பிப் பார்த்தார், யார் விலகி நடந்தார் என்பதெல்லாம் போய்விடும். படமே அதில்தான் இருக்கிறது. குறைந்தது ஒரு பெரிய மானிட்டர். டிவி இருந்தால் நல்லது, புரொஜெக்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

டிவி செட்டிங்கில் மூன்றை மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைக்க வேண்டும். அவருடைய கேமரா மிக மெதுவாக நகர்வதால் அந்த வசதி ஓரங்களில் நடுக்கத்தையும் சீரியல் பார்ப்பது போன்ற தோற்றத்தையும் உண்டாக்கும். அடுத்து, ‘ஆட்டோ பிரைட்னஸ்’. இவர் குளிர்காலத்தில், மேகம் மூடிய வானத்தின் கீழ்தான் படம்பிடிப்பார். வெயில் வந்தால் காத்திருப்பார். விளம்பரத்தில் வரும் நீலக்கடல் கிரேக்கம் இதில் இல்லை. வடக்கே ஃப்ளோரினா, யோவானினா பக்கத்து ஈரச் சாம்பல் நிறம்தான் எங்கும். டிவி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் அந்தச் சாம்பலின் படிநிலைகள் கலைந்துபோகும். மூன்றாவது, ‘ஜூம்’. ‘தி டிராவலிங் பிளேயர்ஸ்’ போன்ற ஆரம்பகாலப் படங்கள் ஏறக்குறையச் சதுரமான ஃபிரேம். இருபுறமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும், இழுத்து நிரப்பாதீர்கள்.

இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பகலில் ஜன்னலின் பிரதிபலிப்பு அந்த மூடுபனியைத் தின்றுவிடும்.

ஒலிக்கு டிவியின் சொந்த ஸ்பீக்கரை நம்பாதீர்கள். நல்ல ஹெட்போனே போதும். ஏன் என்பதற்கு ‘யூலிசஸ் கேஸ்’ படத்தின் சராயேவோக் காட்சி ஒன்றே போதிய காரணம். போர் நடக்கும் ஊரில் மூடுபனி இறங்கும் நாள்தான் விடுமுறை நாள், ஏனென்றால் அன்று மறைந்திருந்து சுடுபவர்களுக்குக் கண் தெரியாது. மக்கள் வெளியே வருகிறார்கள், இசைக்குழு வாசிக்கிறது, ஒரு குடும்பம் ஆற்றங்கரைக்கு நடந்து போகிறது. பிறகு அவர்கள் பனிக்குள் மறைகிறார்கள். திரை முழுக்க வெறும் வெண்மை. வண்டி நிற்கும் சத்தம், குரல்கள், துப்பாக்கி, தண்ணீர். ஒரு கொலை முழுவதும் காதுக்கு மட்டுமே நடக்கிறது. சத்தம் மங்கலாக இருந்தால் அங்கே நீங்கள் பார்த்தது ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான்.

வேகத்தைக் கூட்டி ஓட்டும் பழக்கம் இருந்தால் இவர் படங்களுக்கு அது ஆகாது. ஷாட்டின் நீளமே இங்கே செய்தி. ஒருவர் சாலையைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் குறைத்தால் அவர் வயது குறைந்துவிடும்.

ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டிய தேதிகள்

‘தி டிராவலிங் பிளேயர்ஸ்’ தொடங்கும் முன் இவற்றை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தை நிறுத்தி இணையத்தில் தேடினால் தாளம் அறுந்துவிடும்.

1922: ஆசியா மைனரில் (இன்றைய துருக்கி) கிரேக்கப் படை தோற்கிறது, அகதிகள் இலட்சக்கணக்கில் கிரேக்கத்துக்கு வருகிறார்கள்.
1936 ஆகஸ்ட் 4: மெடாக்ஸஸ் சர்வாதிகாரம்.
1940 அக்டோபர் 28: இத்தாலி படையெடுப்பு.
1941 ஏப்ரல்: ஜெர்மானியர் நுழைகிறார்கள்.
1944 அக்டோபர்: ஏதென்ஸ் விடுதலை.
1944 டிசம்பர் 3: ஏதென்ஸின் சிந்தாக்மா சதுக்கத்தில் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச்சூடு, பிரிட்டிஷ் படைக்கும் இடதுசாரிகளுக்கும் தெருச்சண்டை.
1945 பிப்ரவரி: வர்கிஸா ஒப்பந்தம், கெரில்லாக்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும்.
1946 முதல் 1949: உள்நாட்டுப் போர், இடதுசாரிகள் தோல்வி.
1952 நவம்பர்: தளபதி பபாகோஸ் தேர்தலில் வெற்றி.

இன்னும் இரண்டு தேதிகள் படத்துக்கு வெளியே உள்ளவை. 1967 ஏப்ரல் 21 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1974 ஜூலையில் கவிழ்ந்தது. ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே இந்தப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. இந்தக் கதை ஒரு கிரேக்கப் புராணத்தின் மேல் கட்டப்பட்டது; அந்த மறைப்பு அதற்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1975இல் கானின் ‘இயக்குநர்களின் இருவாரம்’ பிரிவில் திரையிடப்பட்டு, விமர்சகர்களின் சர்வதேசப் பரிசை வாங்கியது.

தாளின் பின்பக்கத்தில் உறவுமுறையை எழுதுங்கள். நாடகக் குழுவின் குடும்பம் கிரேக்கப் புராண அரசன் அகமெம்னானுடைய குடும்பத்தின் அச்சு. அப்பா, அவருக்குத் துரோகம் செய்யும் அம்மா, அம்மாவின் காதலனாகவும் ஜெர்மானியரின் ஆளாகவும் இருக்கும் ஏகிஸ்தஸ், மகள் எலெக்ட்ரா, இளையவள் கிரிசோதெமிஸ், கெரில்லாவாகப் போகும் மகன் ஒரெஸ்டஸ், அவன் தோழன் பிலாதெஸ். ஊர் ஊராக அவர்கள் போடும் நாடகம் ‘கோல்ஃபோ’, 1893இல் பெரெசியாதிஸ் எழுதிய ஆட்டிடையர் காதல் நாடகம். ஒவ்வொரு முறையும் ஏதாவதொன்று குறுக்கே வந்து நாடகம் நின்றுபோகும். எது குறுக்கே வருகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். வரலாற்றுப் பாடம் அந்தக் குறுக்கீடுகளில்தான் இருக்கிறது.

ஒரே மூச்சில் பார்க்க முடியாவிட்டால் 1946 புத்தாண்டு நடன அரங்கம் தொடங்குவதற்கு முன் நிறுத்தி, மறுநாள் அங்கிருந்து தொடருங்கள். வேறெங்கும் வெட்டினால் ஒரு நீண்ட ஷாட்டின் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு ஷாட்டை எப்படிப் படிப்பது

அந்த நடன அரங்கக் காட்சியையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்க மேஜைகளில் இளைஞர்களும் பெண்களும், இடதுசாரிகள். இன்னொரு பக்கம் தொப்பி வைத்த ஆண்கள் மட்டும், மன்னராட்சி ஆதரவாளர்கள். இவர்கள் ஒரு பாட்டு எடுக்க, அவர்கள் எதிர்ப்பாட்டு எடுக்கிறார்கள். எசப்பாட்டு மாதிரிதான், ஆனால் தோற்பவருக்கு உயிர் போகலாம். கடைசியில் துப்பாக்கி வெளியே வருகிறது. இளைஞர்கள் பெண்களை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். காலியான தளத்தில் தொப்பிக்கார ஆண்கள் ஒருவரோடொருவர் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள். வென்றவர்களின் உலகம் இப்படித்தான் இருக்கப்போகிறது என்று யாரும் வசனத்தில் சொல்வதில்லை.

பிறகு அவர்கள் விடியற்காலைத் தெருவில் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். கேமரா கூடவே பின்வாங்கிப் போகிறது. போதையில் தள்ளாடும் நடை கொஞ்சம் கொஞ்சமாக அணிநடையாக மாறுகிறது. கட் எதுவும் இல்லை. தெருவின் மறுமுனையில் அவர்கள் போய்ச் சேரும் கூட்டம் 1952இன் பபாகோஸ் தேர்தல் கூட்டம். ஒரு தெருவைக் கடப்பதற்குள் ஆறு வருடம் போய்விட்டது. இடையில் நடந்த உள்நாட்டுப் போர் அந்தக் காலடிச் சத்தத்துக்குள் இருக்கிறது.

இதை மூன்று முறை பாருங்கள். முதல் முறை ஆட்களை மட்டும்: யார் எந்தப் பக்கம், யார் நுழைந்தார், யார் போனார். இரண்டாவது முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும்: பாட்டு எங்கே மாறுகிறது, ஒலிபெருக்கி எங்கே முதலில் கேட்கிறது. சில பிரதிகளில் பாட்டு வரிகளுக்கு சப்டைட்டில் இருக்காது, ஆனாலும் மெட்டு மாறுவது தெரியும். மூன்றாவது முறை கேமராவை மட்டும்: எங்கே புறப்பட்டது, எப்போது நின்றது, யாரை விட்டுவிட்டு நகர்ந்தது. மூன்றாவது சுற்றில்தான் காலம் மாறிய இடம் பிடிபடும். பெரும்பாலும் படம் அதைப் பார்வைக்கு முன்பே காதுக்குச் சொல்லிவிடுகிறது.

ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளலாம். கேமரா ஒருவரை விட்டுவிட்டு நகர்ந்து, காலியான இடத்தில் சற்று நின்றால், அங்கே வருடம் மாறப்போகிறது என்று எதிர்பாருங்கள். ‘யூலிசஸ் கேஸ்’ படத்தில் கான்ஸ்டன்சா ஊர் வீட்டில் நடக்கும் புத்தாண்டு விருந்தும் இதே கட்டுமானம்தான். ஒரே கூடத்தில், ஒரே நடனத்துக்குள் 1945இலிருந்து 1950 வரை வந்துவிடுகிறோம். இடையில் ஆட்கள் கூட்டிச்செல்லப்படுகிறார்கள், கடைசியில் பியானோவையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ‘தி டிராவலிங் பிளேயர்ஸ்’ படத்தில் அகமெம்னான், எலெக்ட்ரா, பிலாதெஸ் மூவரும் கேமராவைப் பார்த்து நேராகப் பேசும் நீண்ட இடங்களில் மட்டும் இந்த விதி செல்லாது. அங்கே ஒன்றும் தேட வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

பாரிஸின் திரைப்படப் பள்ளியான இடெக்கில் படித்தபோது, சுழலும் ஷாட் ஒன்றைப் பற்றி ஆசிரியரோடு மோதி வெளியேற்றப்பட்டவர் இவர். அந்த ஷாட்டைப் பிறகு வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருந்தார். ‘எடர்னிட்டி அண்ட் எ டே’ வரை அவருடைய முழுநீளப் படங்களின் ஒளிப்பதிவில் ஜார்ஜ் ஆர்வானிடிஸ் இருக்கிறார். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு ஆன்ட்ரியாஸ் சினானோஸ் வந்தார்.

திரும்பி வரும் அப்பா

பெயர்களைக் கவனியுங்கள். ஸ்பைரோஸ், கத்தெரீனா, அலெக்சாண்ட்ரோஸ், வூலா. படத்துக்குப் படம் இவையே திரும்பி வரும். ஸ்பைரோஸ் அவருடைய அப்பா, கத்தெரீனா அம்மா, வூலா சிறுமியாகவே இறந்துபோன சகோதரி. ஆஞ்சலோபூலோஸ் 1935 ஏப்ரல் 27இல் ஏதென்ஸில் பிறந்தார். 1944 டிசம்பர்ச் சண்டையில் இடதுசாரி கெரில்லாக்கள் அப்பாவைப் பிடித்துச்சென்றார்கள். 9 வயதுப் பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கிடந்த பிணங்களுக்கு நடுவே அப்பாவைத் தேடினான். பின்னர் ஒருநாள் அப்பா உயிரோடு நடந்து வந்தார்.

பிற்காலத்தில் இடதுசாரி நாளிதழ் ஒன்றில் திரைவிமர்சனம் எழுதியவர், இடதுசாரிகளின் தோல்விக்காகப் படம் படமாக அழுதவர், அதே பக்கத்தினரால் அப்பாவை இழக்கப் பார்த்தவர். இது தெரிந்த பிறகு ‘வாயேஜ் டு சிதேரா’ படத்தின் கிழவர் வேறுமாதிரித் தெரிவார். அவர் கப்பலிலிருந்து இறங்கி வரும்போது மகன் அசையாமல் நிற்பதற்கும் காரணம் தெரியும். ஜெர்மனியில் இல்லவே இல்லாத அப்பாவைத் தேடும் வூலாவையும் அலெக்சாண்ட்ரோஸையும் இதற்குப் பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

எல்லைப் படங்கள்

‘ஸ்டார்க்’, ‘யூலிசஸ் கேஸ்’, ‘எடர்னிட்டி’ மூன்றும் 1990களின் பால்கன். கம்யூனிச அரசுகள் விழுந்து, அகதிகள் கிரேக்க எல்லையில் குவிந்த காலம். ‘ஸ்டார்க்’ படத்தில் எல்லைப் பாலத்தில் போடப்பட்ட கோட்டின்மீது ஒரு ராணுவ அதிகாரி ஒரு காலைத் தூக்கி நாரைபோல நிற்பார், இன்னோர் அடி வைத்தால் வேறு நாடு. தலைப்பு அங்கிருந்துதான். அதே படத்தில் ஆற்றின் இந்தக் கரையில் மணப்பெண்ணும் அந்தக் கரையில் மாப்பிள்ளையும் நிற்க, நடுவே தண்ணீர் ஓட ஒரு கல்யாணம் நடக்கிறது. வசனமே இல்லாத அந்தக் காட்சிக்கு எந்த முன்விளக்கமும் தேவையில்லை. எல்லைக்கு அப்பால் உறவை விட்டுவந்த எவருக்கும் அது நேராகப் போய்ச் சேரும். அந்தப் படத்தை எடுத்ததற்காக ஃப்ளோரினா ஆயர் இவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியதாக அறிவித்தார்.

‘யூலிசஸ் கேஸ்’ ஏறக்குறைய 3 மணி நேரம், பெரும்பகுதி ஆங்கிலம். பால்கன் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்: ஃப்ளோரினா, அல்பேனியா, பிறகு பிடோலா, புக்கரெஸ்ட், கான்ஸ்டன்சா, டான்யூப் நதிவழியே பெல்கிரேடு, கடைசியில் சராயேவோ. துண்டு துண்டாக்கப்பட்ட லெனின் சிலை படகில் கிடந்தபடி டான்யூபில் போகும்போது கரையில் ஓடிவந்து மண்டியிட்டுச் சிலுவைக்குறி போடுகிறவர்களைத் தவறவிடாதீர்கள். எல்லோர் கண்ணும் சிலையில் நின்றுவிடுகிறது. காட்சி கரையில் இருக்கிறது.

எலெனி கராயின்ட்ரூவின் இசையைத் தனியாக முன்கூட்டியே கேட்டுவிடாதீர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. ‘வாயேஜ் டு சிதேரா’விலிருந்து அவர்தான் இசை. அழகான இசை, அதனாலேயே பலர் இசைத்தட்டிலிருந்து தொடங்குகிறார்கள். படத்தில் அது அழுகைக்கு ஒத்து ஊதுவதில்லை, எல்லாம் முடிந்து ஆட்கள் நடந்துபோகும் இடத்தில்தான் வரும். முன்பே மனப்பாடமாகிவிட்டால் அந்த இடங்கள் கச்சேரியாகிவிடும்.

கடைசியாக ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’

2012 ஜனவரி 24 அன்று, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் பக்கத்தில் ‘தி அதர் சீ’ படப்பிடிப்பின்போது சாலையைக் கடந்த ஆஞ்சலோபூலோஸ் மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். 76 வயது. படம் அப்படியே நின்றுபோனது. எனவே இவர் படங்களின் கடைசிப் புள்ளி என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. முதல் படத்துக்குத் திரும்புவதுதான் சரி.

1970, கறுப்பு வெள்ளை, எபிரஸ் மலைக்கிராமம். ஜெர்மனியில் கூலிவேலை பார்த்துவிட்டு ஒருவன் வீடு திரும்புகிறான். பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரியவில்லை. குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது. பிறகு மனைவியும் அவளுடைய காதலனும் அவனைக் கொல்கிறார்கள். காவல்துறை, நீதிபதி, பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வந்து கொலை எப்படி நடந்தது என்று மறுபடி மறுபடி நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். அவ்வளவு நடிப்புக்கும் பிறகு, படத்தின் முடிவில்தான் கொலை நேரம் வருகிறது. கேமரா வீட்டுக்கு வெளியே நிற்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. குழந்தைகள் வருகிறார்கள்.

இங்கே நிறுத்திவிட்டு, ‘லேண்ட்ஸ்கேப் இன் தி மிஸ்ட்’ படத்தின் லாரிக் காட்சியை மறுபடி போடுங்கள். 18 வருடம் கழித்து எடுத்தது. லாரியின் பின்பக்கம், தொங்கும் தார்ப்பாய், அசையாத கேமரா. சாலையோரம் வேறு வண்டிகள் வந்து நின்று கிளம்பிப் போகின்றன, அவற்றில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. நெடுநேரத்துக்குப் பிறகு சிறுமி விளிம்பில் வந்து உட்கார்ந்து, தன் கையிலிருக்கும் இரத்தத்தைப் பார்த்து, அதை லாரியின் பக்கத்தில் தடவுகிறாள். அந்தக் கதவும் இந்தத் தார்ப்பாயும் சராயேவோவின் மூடுபனியும் ஒரே இடத்தில் நிற்கும் ஒரே கேமரா.